நீ என்ன கிரண் பேடியா?

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவி

காவல் துறையில் சேர வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் வாய் திறந்து சொல்லிவிட்டால், அவளுக்குக் கிடைக்கும் முதல் மறுமொழி, "நீ என்ன பெரிய கிரண் பேடியா?" என்பதுதான். கேட்பவர் சில நேரம் கேலியாகக் கேட்பார். சில நேரம் உண்மையான அக்கறையோடும் கேட்பார். எப்படிக் கேட்டாலும் பொருள் ஒன்றே. வடநாட்டில் எங்கோ ஒருத்தி அதற்கென்றே பிறந்தாள், அவள் போனாள், அதோடு அந்தக் கணக்கு முடிந்தது, நீ பேசாமல் பி.எட். படிக்கும் வழியைப் பார்.

எண்ணிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும் ஒரே காவல் அதிகாரியின் பெயர் ஒரு பெண்ணின் பெயர். இது பெருமைக்குரிய செய்தி அன்றோ? ஆனால் திறவுகோலாக இருக்க வேண்டிய அந்தப் பெயரை நாம் பூட்டாக்கி வைத்திருக்கிறோம். ஒருவரைத் தூக்கி வானத்தில் வைத்துவிட்டால், அவரைப் போற்றியதாகவும் ஆயிற்று. பின்பற்ற வேண்டிய தொல்லையும் தீர்ந்தது. "இரும்புப் பெண்மணி", "அதிசயப் பெண்" என்னும் பட்டங்களின் மீது எனக்குள்ள ஐயம் இதுவே. அவருடைய பணி வாழ்வை ஊன்றிப் பார்த்தால் அதில் அதிசயம் குறைவு. நம்மைப் போன்றவர்களும் செய்யக் கூடிய வேலையே மிகுதி என்பது என் கருத்து.

நம் வயதினருக்கு அவரை 2016 முதல் 2021 வரை புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்தவர் என்றே அதிகம் தெரியும். அந்தக் காலத்து அரசியல் வழக்குகளை இங்கே ஒதுக்கி வைப்போம். காக்கி உடையில் அவர் கழித்த 35 ஆண்டுகளை மட்டும் பார்ப்போம்.

வந்த வழி

கிரண் பேடி 1949ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் நகரில் பிறந்தார். உடன் பிறந்தவர்கள் மூவரும் பெண்களே. 'நான்கும் பெண்ணா?' என்று பெருமூச்சு விடாமல், நால்வரையும் படிக்க வைத்தவர் தந்தை. கிரண் பள்ளிக் காலத்திலேயே டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார். 1966இல் தேசிய இளையோர் பட்டம் வென்றார். அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, 1970 முதல் ஈராண்டு அமிர்தசரஸில் ஒரு மகளிர் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். நம் பேராசிரியர்கள் மகிழட்டும். நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி அவர்கள் கூட்டத்திலிருந்து போனவர்தான்!

1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் மவுண்ட் அபுவில் இருந்த தேசியக் காவல் பயிற்சிக் கழகத்தில், 80 ஆண்களுக்கு நடுவே அவர் ஒருவரே பெண். நாடு விடுதலை பெற்று அதற்குள் 25 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஐ.ஏ.எஸ். பணிக்கு முதல் பெண்ணாக அன்னா ராஜம் ஜார்ஜ் 1951லேயே தேர்வாகி, அன்றைய சென்னை மாகாணத்தில் ஓசூரில் துணை ஆட்சியராகப் பணி தொடங்கிவிட்டார். கோப்பு பார்க்கும் பெண்ணை ஏற்றுக்கொண்ட அரசாங்கம், தடி ஏந்தும் பெண்ணைக் காண மேலும் இருபத்தோரு ஆண்டுகள் ஆயின.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரண் பேடி நம்மைப் போல் எழுத்து நுழையாத வீட்டிலிருந்து வந்தவர் அல்லர். நல்ல பள்ளி, ஆங்கிலம், விளையாட்டுத் திடல், பின்னால் நிற்கும் தந்தை எல்லாம் அவருக்கு வாய்த்தன. என் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை. எனவே 'அவரால் முடிந்தது. உன்னால் ஏன் முடியாது?' என்று எளிதாகக் கேட்டுவிடுவதும் நியாயம் ஆகாது. ஆயினும் அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. உடலைப் பழக்கினார், படித்தார், தேர்வு எழுதினார், வென்றார். இந்த நான்கில் எதுவும் மந்திரம் அன்று.

காரை மடக்கியது யார்?

1975இல் குடியரசு நாள் அணிவகுப்பில் தில்லிக் காவல் படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்று நடந்தார். 1978இல் தில்லியில் வாளேந்தி வந்த கிளர்ச்சிக் கூட்டத்தைக் கைத்தடியோடு எதிர்த்து நின்று, குடியரசுத் தலைவரின் வீரப் பதக்கம் பெற்றார். இவை மறுக்க முடியாத வீரச் செயல்கள். ஆனால் ஊரெல்லாம் சொல்லும் கதை வேறு: "இந்திரா காந்தி காரையே தூக்கினவங்க!"

அந்தக் கதையைச் சற்று நின்று பார்ப்போம். 1981இல் அவர் தில்லிப் போக்குவரத்துக் காவல் துணை ஆணையர் ஆனார். 1982 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே தொடங்க இருந்தன. விளையாட்டரங்குகளும் மேம்பாலங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. நகரமெங்கும் பள்ளமும் நெரிசலும். விதியை மீறி நிறுத்திய வண்டிகளைக் கிரேன் வைத்து அகற்றச் செய்தார் பேடி. தில்லி மக்கள் அவருக்குக் "கிரேன் பேடி" என்றே பெயர் சூட்டினர். அந்த ஆண்டு ஆகஸ்டில், பிரதமரின் பயன்பாட்டுக்குரிய அம்பாசிடர் கார் ஒன்று கன்னாட் பிளேஸ் பகுதியில் தவறான இடத்தில் நின்றது. அதற்கு அபராதச் சீட்டு எழுதியவர் நிர்மல் சிங் என்னும் உதவி ஆய்வாளர். பேடி அந்த இடத்திலேயே இல்லை!

அப்படியானால் பேடிக்கு இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். என் கருத்தில், பெருமையே அங்கேதான் இருக்கிறது. ஓர் உதவி ஆய்வாளர் நாட்டின் பிரதமர் காருக்குச் சீட்டு எழுதுகிறார் என்றால், 'எழுதலாம். உனக்கு ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கையை மேலே இருப்பவர் முன்பே ஊட்டியிருக்க வேண்டும். செய்தி வெளிவந்த பிறகு பேடி அந்த உதவி ஆய்வாளரைக் கைவிடவில்லை. அவர் செய்தது சரியே என்று உடன் நின்றார். அடுத்த ஆண்டே கோவாவுக்கு மாற்றப்பட்டார். கார் விவகாரத்தையும் மாற்றத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசுவோர் இன்றும் உண்டு.

விதி பெரியவர்க்கும் சிறியவர்க்கும் ஒன்று என நினைப்பதும், தனக்குக் கீழே நேர்மையாக வேலை செய்தவரைக் காப்பதும் அதிசயமா? ஒரு வகுப்புத் தலைவி முதல் ஒரு தலைமை ஆசிரியர் வரை எவரும் செய்யலாம். செய்ய மனம் வேண்டும், அவ்வளவே.

ஒருவரும் விரும்பாத நாற்காலி

1993 மே மாதம் அவரைத் தில்லி சிறைகளின் தலைமை அதிகாரியாக அமர்த்தினர். திகார் சிறை அவர் பொறுப்பில் வந்தது. காவல் அதிகாரிகள் அந்தப் பதவியைத் தண்டனை போலவே கருதினர். மூவாயிரம் பேருக்கும் குறைவாகத் தங்க வேண்டிய இடத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீர்ப்பு வழங்கப்பட்டவர்கள் அல்லர், விசாரணைக்காகக் காத்திருந்தவர்கள். போதைப் பொருள், கையூட்டு, வலியவர் எளியவரை வாட்டுதல் என எல்லாக் கேடுகளும் உள்ளே இருந்தன.

அங்கே அவர் என்ன செய்தார்? அறையில் உட்காராமல் சிறைக்குள் நடந்தார். கைதிகள் தங்கள் குறையை எழுதிப் போட ஒரு மனுப் பெட்டியைச் சிறை முழுவதும் சுற்றி வரச் செய்தார். படித்த கைதிகளைக் கொண்டு படிக்காதவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். தூய்மை, உணவு, கல்வி ஆகியவற்றைக் கவனிக்கக் கைதிகளிடமிருந்தே பஞ்சாயத்துக் குழுக்களை அமைத்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீட்கத் தொண்டு நிறுவனங்களை உள்ளே அழைத்தார். 1994இல் ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் ஒரே நேரத்தில் விபாசனா தியானப் பயிற்சியில் அமர்ந்தனர். அவ்வாண்டே அவருக்கு ராமன் மகசேசே விருது வழங்கப்பட்டது. 1995இல் அங்கிருந்தும் மாற்றப்பட்டார்.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒரு முறை படியுங்கள். பெட்டி வைப்பது அதிசயமா? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது அதிசயமா? என் தாய்க்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு வயது பத்து. அதை ஒருவரும் அதிசயம் என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. திகாரில் நடந்ததும் அதுவே, பேரளவில் நடந்தது. அந்தப் பெட்டியைத் தொடங்குவதற்கு வீரம் தேவைப்படவில்லை. உள்ளே கிடப்பவனும் மனிதன். அவனுக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும் என்ற எண்ணமே தேவைப்பட்டது.

புகழின் மறுபுறம்

நிற்க. ஒருவரை மனிதராகக் காண வேண்டும் என்றால் அவருடைய குறையையும் காண வேண்டும். தெய்வத்துக்குத்தான் குறை கூறக் கூடாது.

1988 ஜனவரியில் தில்லியில் திருட்டுக் குற்றச்சாட்டில் கைதான ஒரு வழக்கறிஞர், கைவிலங்கோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்தனர். தீஸ் ஹசாரி நீதிமன்ற வளாகத்தில் இருந்த பேடியின் அலுவலகத்துக்கு முன்னே திரண்டபோது தடியடி நடந்தது. வேலைநிறுத்தம் நீண்டது. நீதிபதி வாத்வா தலைமையில் அமைந்த குழு விசாரித்துக் காவல் துறையின் நடவடிக்கையைக் குறை கூறியது.

வழக்கறிஞருக்கும் ஏழைக்கும் சட்டம் ஒன்றே என்னும் வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எவரையும் வழக்கமாகக் கைவிலங்கிட்டு அழைத்து வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே தீர்ப்பளித்திருந்தது. எல்லோரையும் சமமாக நடத்துவது என்றால், ஏழைக்கு இட்ட விலங்கைப் பணக்காரனுக்கும் இடுவதா? இருவர் கையிலிருந்தும் அதை எடுப்பதா? கீழ்ப்பணியாளரைக் காக்கும் அதே குணம் 1982இல் நன்மையாயிற்று. 1988இல் அதுவே பிடிவாதமாயிற்று. காவல் பணிக்குப் போக நினைக்கும் நம்மவர் படிக்க வேண்டிய பாடம், காருக்குச் சீட்டு எழுதிய கதையில் உள்ளதைக் காட்டிலும் இதில் அதிகம் உள்ளது.

1992இல் மிசோரத்தில் பணியாற்றியபோது, வடகிழக்கு மாநில ஒதுக்கீட்டில் அவர் மகளுக்கு மருத்துவக் கல்லூரி இடம் கிடைத்தது. அம்மாநில மாணவர்கள் கிளர்ந்தனர். பேடி மிசோரத்தை விட்டு வெளியேறினார். இடம் விதிப்படியே பெறப்பட்டது என்பது அவர் தரப்பு. ஓர் ஒதுக்கீட்டு இடம் என்றால் என்ன என்பதை வீட்டோடு அறிந்த என் போன்றோர்க்கு அந்த விடை முழு நிறைவு தராது.

அவருக்கு இழைக்கப்பட்ட குறையும் உண்டு. 2003இல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதி காக்கும் பணிகளுக்குக் காவல் ஆலோசகராகச் சென்று வந்தார். 2007இல் தில்லிக் காவல் ஆணையர் பதவி அவரைவிட ஈராண்டு இளையவரான அதிகாரிக்குப் போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் பேடி விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினார். பெண் என்பதாலா, வளைந்து கொடுக்காதவர் என்பதாலா என்று அன்று நாடே விவாதித்தது. முதல் படியில் ஏற்றி வைத்துக் கைதட்டும் கூட்டம், கடைசிப் படியில் கைகொடுக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதே நான் கண்ட செய்தி.

இரண்டாம் சோதனை

வேதியியல் கூடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்று. ஒரு சோதனையை ஒருவர் ஒரு முறை செய்து காட்டினால் போதாது. வேறொருவர், வேறோர் ஆய்வகத்தில், அதே முறையில் செய்தாலும் அதே விளைவு வர வேண்டும். அப்போதுதான் அது உண்மை, இல்லையேல் தற்செயல். 'முதல் பெண்' என்பது முதல் சோதனை மட்டுமே. பின்னே வருகிறவர்களே அதை மெய்ப்பிக்கிறார்கள்.

மெய்ப்பித்தவர்களுக்குக் குறைவில்லை. கிரண் பேடி பயிற்சி முடித்துவந்த அதே காலத்தில், 1973இல், தமிழ்நாட்டில் மகளிர் காவலர் பிரிவு தொடங்கியது. ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தம் 22 பேர். அவ்வாண்டே கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாகத் தருமபுரி மாவட்டத்திலிருந்து திலகவதி 1976இல் தேர்வானார். அவர் நல்ல எழுத்தாளரும் ஆவார். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2004இல் உத்தரகண்டில் காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யா நாட்டின் முதல் பெண் காவல் தலைமை இயக்குநர் ஆனார். லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும், 2010இல் தமிழகக் காவல் தலைமை இயக்குநராகவும் பொறுப்பேற்றார். தில்லியில் 2007இல் மூடிய கதவு சென்னையில் அதற்கு ஓராண்டு முன்பே திறந்திருந்தது!

ஆனால் என் நெஞ்சில் நிற்பவர் இவர்களுள் எவரும் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பம் ஒரு நிலத் தகராறில் காவல் நிலையப் படி ஏற நேர்ந்தது. என் தாய் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். எழுதும் மேசையில் இருந்த பெண் காவலர் நிமிர்ந்து பார்த்து, "செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து உட்காருங்கம்மா. என்ன ஆச்சு, மெதுவாச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அவர் பெயர் எந்த நூலிலும் வராது. என் தாய் அன்று நடுங்காமல் பேசினார் என்பது எனக்குத் தெரியும். அந்த மேசையில் அப்படி ஒரு பெண் இருப்பதற்கு எங்கோ ஒருவர் முதலில் போக வேண்டியிருந்தது. ஆனால் முதலில் போனவரோடு கதை முடிந்திருந்தால், அந்த மேசையில் அவர் இருந்திருக்க மாட்டார்.

இப்படி நாள்தோறும் வேலை பார்க்கும் பெண்களின் தொல்லைகளை நாம் பேசுவதில்லை. முக்கியப் பிரமுகர்கள் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களை மணிக்கணக்காக நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற ஆணை தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. சாலையோரத்தில் கழிப்பறை ஏது? 2023இல் மகளிர் காவலரின் பொன்விழாவின்போது, அவர்களுடைய காலை வருகை அணிவகுப்பு நேரம் 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு மணி நேரத்தின் அருமை, விடியலில் சமைத்து வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்குத் தெரியும். 22 பேர் கேட்டிருந்தால் இந்த மாற்றங்கள் வந்திருக்குமா? ஆயிரக்கணக்கில் பெண்கள் சேர்ந்த பிறகே வந்தன. ஒருத்தி போனால் புகழ்வார்கள். பலர் போனால்தான் விதியை மாற்றுவார்கள்.

வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கை வரும்போது அதை நம் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஒரு பட்டம் போதும் என்பதே என் தோழியர் பலருக்குத் தெரியாது. ஓட்டமும் நீளம் தாண்டுதலும் அத்தேர்வில் உண்டு. மாலை நேரத்தில் கல்லூரித் திடலில் ஒரு மணி நேரத்தையேனும் மாணவியருக்கென ஒதுக்கித் தாருங்கள். ஊரில் ஒரு பெண் ஓடினால் தெருவே வேடிக்கை பார்க்கும்; இங்கே ஓடினால் எவரும் பார்க்க மாட்டார்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தங்கையோ தோழியோ இந்த வேலைக்கு ஆசைப்பட்டால் கிரண் பேடியை இழுக்க வேண்டாம். பழைய வினாத்தாள் இருந்தால் கொடுங்கள். அதுவே பெரிய உதவி.

என் தோழியருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் கிரண் பேடி ஆக வேண்டியதில்லை. அவர் காலத்தில் அவருக்கு முன்னே எவரும் இல்லை. நமக்கு முன்னே ஒரு பெரும் படையே நடந்து போயிருக்கிறது. அவர் 80 ஆண்களுக்கு நடுவே தனியாக நின்றார். நாம் நால்வராகச் சேர்ந்தே போகலாம். சென்ற மாதம் முதல் எங்கள் வகுப்பில் நாங்கள் நால்வர், மதிய உணவு வேளையில் ஒரு வேப்ப மரத்தடியில் பொது அறிவு படித்து வருகிறோம். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் விண்ணப்பம் போடுவோம். வர விரும்புவோர் வரலாம். நிழல் எல்லோருக்கும் போதும்.